உழவாரம் ஏந்திய திருக்கரம்

திருமுனைப்பாடி நாட்டை ஆண்ட நரசிங்கமுனையரையரின் மாளிகையில் அரச குமாரரைப்போல் வளர்ந்தவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள். திருமணப் பந்தலில் இறைவன் முதியவராய் வந்து அவரைத் தடுத்தாட்கொண்டார். அதன் பின்னர் சுந்தரர் திருத்துறையூரில் தவநெறி வேண்டிப் பாடினார். தில்லைக் கூத்தனைக் காணும் வேட்கையோடு பெண்ணையாற்றைக் கடந்தார். பொழுது சாயும் நேரத்தில் திருவதிகையின் எல்லை தென்பட்டது. கெடில நதிக்கரையில் வீரட்டானேசுவரர் எழுந்தருளியிருக்கும் புண்ணியப் பதி அது. ஆயினும் சுந்தரர் ஊருக்குள் அடியெடுத்து வைக்கவில்லை. எல்லைக்கு வெளியே இருந்த சித்தவட மடத்தில் அன்றிரவு தங்கிவிட்டார்.

ஏன் தங்கினார் என்பதைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விளக்குகிறார். திருநாவுக்கரசர் தம் கைகளால் புல் செதுக்கி, மண்ணைத் திருத்தித் தொண்டு செய்த பூமி திருவதிகை. அந்த மண்ணைக் காலால் மிதிப்பதற்குச் சுந்தரர் அஞ்சினார். அரண்மனையில் வளர்ந்த ஒருவர், கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கிய ஒருவரின் உழைப்பு படிந்த மண்ணில் கால் வைக்கத் தயங்கி வெளியே நின்றார். அன்றிரவே இறைவன் முதியவர் வடிவில் அம்மடத்துக்கு வந்து, உறங்கிய சுந்தரரின் தலைமேல் தம் திருவடியை வைத்தருளினார். உழைத்தவரின் மண்ணை மதித்தவருக்குத் திருவடி தீட்சை தேடி வந்தது.

இன்று கடலூர் மாவட்டத்தின் அண்ணாகிராமம் ஒன்றியத்துச் சிற்றூர்களிலும் பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்திலும் வாழும் மக்களுக்குத் திருவதிகை கூப்பிடு தூரத்துக் கோயில். கரும்பு வெட்டுவோர், முந்திரிக் கொட்டை உடைப்போர், பலா மரமேறிப் பழம் இறக்குவோர், நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை செய்வோர், சந்தையில் மூட்டை சுமப்போர் எனக் கையை நம்பி வாழ்வோர் நிறைந்த வட்டாரம் இது. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களோடு வந்து வீரட்டானேசுவரரைக் கும்பிடும் பெண்களை அங்கே காணலாம். பெரும்பாலும் அவர்களுக்கு உடைத்த அளவுக்குத்தான் கூலி. அந்த விரல்களைப் பார்க்கும் கண்களில் மதிப்பு இருக்கிறதா, இளக்காரம் இருக்கிறதா? அந்த வட்டாரத்து மண்ணே பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது.

துடைப்பம் ஏந்திய தமக்கை

திருநாவுக்கரசர் அவதரித்த திருவாமூர் பண்ருட்டிக்கு அருகில் உள்ளது. புகழனார், மாதினியார் தம்பதியரின் மக்கள் திலகவதியாரும் மருணீக்கியாரும். பெற்றோர் மறைந்தனர். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த சேனைத்தலைவர் கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் நீத்தார். தம்பிக்காக உயிர் தரித்த அம்மையார் பின்னர் திருவதிகையை அடைந்து, சிவத்தொண்டில் ஈடுபட்டார். விடியும் முன்னரே திருவலகு கொண்டு கோயிலைக் கூட்டுவார். சாணமிட்டு மெழுகுவார். மலர் கொய்து மாலை தொடுப்பார். நிலபுலன் உடைய வேளாளப் பெருங்குடியில் பிறந்தவர், கூட்டுவதையும் மெழுகுவதையும் தம் தகுதிக்குக் குறைவானதென்று எண்ணவில்லை.

சமண நெறியில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயருடன் பாடலிபுத்திரத்து மடத்தில் பெருந்தலைவராய் விளங்கிய தம்பி, சூலை நோயால் துடித்து இரவோடிரவாகத் தமக்கையிடம் வந்தார். அவரை வீரட்டானத்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார் அம்மையார். திருப்பதிகம் பாடி நோய் நீங்கிய தருமசேனருக்கு, நாவுக்கரசு என்னும் திருநாமத்தை இறைவனே அருளினார்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். பன்மொழி கற்ற புலவர் அவர். நாவுக்கு அரசர் என்று இறைவனாலேயே பெயர் பெற்றவர். பாடிக்கொண்டே இருந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார். அவரோ கையில் ஏந்தியது எழுத்தாணியை அன்று, உழவாரப் படையை. நீண்ட காம்பின் நுனியில் தட்டையான இரும்பு அலகு பொருத்திய, புல் செதுக்கும் கருவி அது. திருமடங்களின் தலைமையைத் துறந்து வந்தவர், ஊர் ஊராகச் சென்று கோயில் பிராகாரங்களில் முளைத்த புல்லையும் முட்செடியையும் செதுக்கினார். இன்றும் எந்தச் சிவாலயத்தில் நால்வர் சந்நிதிக்குச் சென்றாலும், அப்பர் பெருமானை அடையாளம் காட்டுவது அவர் தோளில் சாய்ந்திருக்கும் அந்த உழவாரம்தான். ஏடும் மகுடமும் அவருக்கு அடையாளம் ஆகவில்லை. வேலைக் கருவியே அடையாளம் ஆயிற்று.

வாசி இல்லாத காசு

உழைப்புக்கு இறைவன் வைத்திருக்கும் மதிப்பு எத்தகையது என்பதற்குத் திருவீழிமிழலையில் நிகழ்ந்த சம்பவம் சான்று. நாட்டில் கொடும் பஞ்சம் நிலவிய காலம். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார் கூட்டத்தோடு அத்தலத்தில் தங்கியிருந்தனர். அடியார்களுக்கு அமுது படைக்க இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு பீடத்தில் கிடைக்குமாறு இறைவன் அருளினார்.

சில நாள்கள் சென்றன. நாவுக்கரசர் திருமடத்தில் உரிய பொழுதில் பந்தி நடந்தது. சம்பந்தர் திருமடத்தில் மட்டும் அமுது படைக்கத் தாமதம் ஏற்பட்டது. காரணம் கேட்டார் பிள்ளையார். அங்காடியில் தம் காசுக்கு வட்டம் கேட்கிறார்கள் என்றும், நாவுக்கரசரின் காசை மாற்றுக் குறையாமல் உடனே ஏற்கிறார்கள் என்றும் சமையல் செய்வோர் கூறினர். ஒன்று வாசியுள்ள காசு. மற்றொன்று வாசியில்லாத காசு. இரண்டையும் தந்தவர் ஒருவரே. பின் ஏன் இந்த வேறுபாடு?

நாவுக்கரசர் கைத்தொண்டு செய்பவர். அதனால் அவருக்கு நல்ல காசு கிடைத்தது என்பதே சேக்கிழார் தரும் விளக்கம். சம்பந்தர் இறைவனுக்குத் திருமகன் போன்றவர். மகனுக்குத் தரும்போது சற்றே குறைந்தாலும் உரிமையோடு வாங்கிக்கொள்வான். வேலை செய்தவனுக்குத் தரும் கூலியிலோ ஒரு துளியும் குறையக் கூடாது. இறைவனே கடைப்பிடித்த வழக்கம் இது. பின்னர் சம்பந்தர் பதிகம் பாடி வேண்ட, அவருக்கும் குறையற்ற காசு கிடைத்தது.

வீட்டுக்கு வந்து தென்னை மரம் ஏறியவரிடம், வேலை முடிந்த பின் பேரம் பேசும் பழக்கம் பலரிடம் உண்டு. சாக்கடை அடைப்பை எடுத்தவரிடம் சில்லறை இல்லை என்று கூறி, பேசியதில் பத்து ரூபாயைக் குறைத்துக் கொடுப்போரும் உண்டு. அவர்கள் அனைவரும் நினைவில் கொள்ள வேண்டிய வரலாறு இது. உண்டியலில் நூறு ரூபாய் செலுத்திவிட்டு வாசலில் பூக்காரியிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடுவது வாசியுள்ள பக்தி.

பல்லக்கின் கீழ் ஒரு தோள்

மதுரையில் சைவத்தை நிலைநிறுத்தித் திரும்பிய சம்பந்தர், திருப்பூந்துருத்தியில் இருந்த அப்பரைக் காண முத்துச் சிவிகையில் வந்தார். அவரை எதிர்கொள்ள வந்த திருக்கூட்டத்தில் எவரும் அறியாதபடி புகுந்த நாவுக்கரசர், சிவிகை தாங்குவோருள் ஒருவராகத் தம் தோளையும் கொடுத்தார். ஊரை நெருங்கியதும், அப்பர் எங்கே என்று சம்பந்தர் வினவினார். சிவிகையின் கீழிருந்து விடை வந்தது. பதறி இறங்கிய பிள்ளையார் அவரை வணங்க, அப்பரும் உடன் வணங்கினார்.

வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், இளையவரின் பல்லக்கைச் சுமந்தார். சுமை தூக்குவது அக்காலத்தில் உயர்ந்த வேலையாகக் கருதப்பட்டதன்று. அன்பின் பொருட்டு அவ்வேலையை அவர் ஏற்றபோது, சுமப்போர் வரிசையில் அவரைப் பிரித்தறிய ஒருவராலும் இயலவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றும் திருவிழாக் காலங்களில் உற்சவ மூர்த்தியைத் தோளில் எழுந்தருளச் செய்யும் சீர்பாதந்தாங்கிகள் இருக்கிறார்கள். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடுவோர் இருக்கிறார்கள். பக்தர்களின் கண்கள் அலங்காரத்தில் பதிந்திருக்கும்போது, அதைத் தாங்கும் தோள்களை நோக்குவோர் சிலரே. அந்தத் தோள்களுள் எது அப்பருடையது என்று யாருக்குத் தெரியும்?

கூலிக்கு உழைத்த நாயன்மார்

அப்பர் செய்தது தொண்டு, கூலி வேலை வேறு என்று சிலர் கருதக்கூடும். பெரியபுராணம் அந்த வேற்றுமைக்கு இடம் தரவில்லை. கூலிக்கு உழைத்தே நாயன்மார் ஆனவர்களும் அதில் உள்ளனர்.

கணமங்கலத்துத் தாயனார் செல்வந்தராய் இருந்தவர். செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் நாள்தோறும் இறைவனுக்கு நிவேதிப்பதை விரதமாகக் கொண்டவர். செல்வம் போயிற்று. தம் நிலம் இருந்த ஊரிலேயே பிறர் வயலில் அரிவாள் பிடித்துக் கூலிக்கு நெல் அறுக்கச் சென்றார். கூலியாகக் கிடைத்த செந்நெல்லை இறைவனுக்கு வைத்தார். கார்நெல்லைத் தமக்கு வைத்துக்கொண்டார். வயல்களில் எல்லாம் செந்நெல்லே விளைந்தபோது, அதையும் முழுவதும் இறைவனுக்கே அளித்து, இலைக்கறி உண்டு வாழ்ந்தார். அரிவாட்டாய நாயனார் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அவருடைய திருநாமத்திலும் அவரது வேலைக் கருவி இடம் பெற்றுவிட்டது.

திருவொற்றியூரில் கலிய நாயனார் செக்குத் தொழில் செய்யும் குலத்தில் பிறந்து, கோயிலில் விளக்கேற்றி வந்தார். வறுமை வந்ததும் பிறரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கொடுத்துக் கூலி பெற்றார். அதுவும் நின்றபோது பிறர் செக்கை ஓட்டும் கூலியாள் ஆனார். அவ்வேலைக்கு ஆள்கள் பலராகிவிட்டதால், நாளடைவில் அந்தக் கூலியும் கிடைக்காமற் போயிற்று என்கிறார் சேக்கிழார். ஆள் மிகுந்து வேலை குறைந்த துயரம் இக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காவியம் அதைக் கண்டிருக்கிறது. வேலை கிடைக்காதவரைச் சோம்பேறி என்று அது பழிக்கவில்லை. நாயனார் என்று வணங்குகிறது.

தில்லையிலும் அத்தகைய வரலாறு உண்டு. வெள்ளாற்றங்கரையில் பெருங்குடித் தலைவராய் வாழ்ந்து வறுமையுற்ற கணம்புல்ல நாயனார், சிதம்பரத்துத் திருப்புலீச்சரத்தில் விளக்கேற்றி வந்தார். கணம்புல்லை அறுத்து விற்று, அப்பணத்தில் நெய் வாங்குவார். ஒருநாள் புல் விலை போகவில்லை. அந்தப் புல்லையே திரித்து விளக்காக எரித்தார். யாமம் முடியும் முன்னரே புல் தீர்ந்தது. அப்போது தம் தலைமுடியையே விளக்கில் மாட்டினார். விற்கும் பொருள் புல்லாக இருப்பினும், ஏற்ற பணியின் அளவைக் குறைக்க அவர் சம்மதிக்கவில்லை.

காஞ்சியில் அடியாரின் துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டரோ, மாலைக்குள் உலர்த்தித் தருவதாகக் கொடுத்த வாக்கை மழை கெடுத்ததற்காகத் துவைகல்லில் தம் தலையை மோதத் துணிந்தார். சொன்ன பொழுதில் சொன்ன வேலையை முடிப்பது உயிரினும் பெரிதென்று கருதிய தொழிலாளி அவர்.

இவ்வரலாறுகளில் வேலையின் பெயர் மாறுகிறது. அறுவடை, செக்கு, புல், சலவை. மாறாதது ஒன்றே. எந்த வேலை என்பதை அவர்கள் அளவுகோலாகக் கொள்ளவில்லை. எவ்வாறு செய்தோம் என்பதையே அளவுகோலாகக் கொண்டனர். கூலிக்கு மாரடிப்பது என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. மனம் ஒட்டாமல் செய்யும் வேலையைச் சுட்டுவது அது. இந்த நாயன்மார் கூலி பெற்றனர். கூலிக்கு மாரடிக்கவில்லை.

இறைவனே கூலியாளாய்

மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த லீலை இன்றும் கொண்டாடப்படுகிறது. வைகை பெருக்கெடுத்தபோது வீட்டுக்கு ஒருவர் கரை அடைக்க வரவேண்டும் என்பது பாண்டியனின் ஆணை. பிட்டு விற்று வாழ்ந்த வந்திக் கிழவிக்கு உற்றார் ஒருவரும் இல்லை. அவளுக்காகக் கூலியாள் வேடத்தில் வந்தார் சோமசுந்தரக் கடவுள். கூலி என்னவென்று முதலிலேயே பேசிக்கொண்டார். உதிர்ந்த பிட்டெல்லாம் அவருக்கு. கூலியைத் தெளிவாகப் பேசிக்கொண்டு வேலையில் இறங்குவது இழிவன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவர் கரையை அடைக்காமல் ஆடிப்பாடி உறங்கியதும், மன்னன் பிரம்பால் அடித்ததும், அந்த அடி மன்னன் மேலும் அனைத்துயிர்கள் மேலும் பட்டதும் யாவரும் அறிந்தவை. மாணிக்கவாசகரின் பெருமையை உலகுக்கு உணர்த்த நிகழ்ந்த லீலை அது. அந்த மணிவாசகர் இறுதியில் இறைவனோடு இரண்டறக் கலந்த தலம் தில்லை. லீலையின் உட்பொருளைப் பெரியோர் பலவாறு உரைப்பர். எளியோர் மனத்தில் நிற்கும் பொருள் ஒன்று: கூலியாளின் முதுகில் விழும் அடி உலகத்தார் அனைவரின் முதுகிலும் விழும். கையால் அடிப்பது மட்டும் அடியன்று. ஏளனச் சொல்லும் அடியே.

திருவதிகைத் தலபுராணமும் இதற்கு இணையான ஒரு பாடத்தைத் தருகிறது. அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றான இங்கு இறைவன் முப்புரம் எரித்தார். அப்போது பூமி தேராயிற்று. சூரிய சந்திரர் சக்கரங்களாயினர். மேரு வில்லாக, வாசுகி நாணாக, திருமால் அம்பாக அமைந்தனர். நான்முகன் தேரோட்டியானார். படைப்புக் கடவுள் ஏற்றது தேரோட்டும் வேலை! தங்கள் துணையின்றி இறைவனால் இயலாது என்ற செருக்கு தேவர்களுக்கு எழுந்ததும், அவர் அம்பை எய்யாமல் சிரித்தே மூன்று கோட்டைகளையும் எரித்தார். எந்த வேலையும் இழிந்ததன்று என்பது இதில் ஒரு பாதி. எந்த வேலையைச் செய்தாலும் செருக்கு கூடாது என்பது மறு பாதி.

உத்தியோகம் என்றால் என்ன?

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி கூறுவர். நாற்காலியில் அமர்ந்து மாதச் சம்பளம் பெறுவதே உத்தியோகம் என்று நாளடைவில் பொருள் கொள்ளப்பட்டுவிட்டது. வடமொழியில் அச்சொல்லுக்கு முயற்சி என்பதே பொருள். முயற்சி உடைமையே மனிதனுக்கு இலக்கணம் என்பதுதான் அம்மொழியின் கருத்து. திருவள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரமும், அதை அடுத்து ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்ததும் இக்கருத்தினால்தான். மடி என்னும் சோம்பலை இழிவென்றார். 

இன்று பல இல்லங்களில் நிகழும் ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். பட்டம் பெற்ற பேரன், படிப்புக்கேற்ற வேலை அமையும் வரை, உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் வேலைக்குச் செல்கிறான். வெயிலிலும் மழையிலும் இரு சக்கர வாகனத்தில் அலைந்து, மாதக் கடைசியில் பாட்டியின் மருந்துச் செலவுக்குப் பணம் தருகிறான். வந்த உறவினர், பையன் என்ன செய்கிறான் என்று கேட்கிறார். வேலை தேடிக்கொண்டிருக்கிறான் என்கிறார் தாத்தா. அறைக்குள் இருக்கும் பேரனின் காதில் அது விழுகிறது. நாள் முழுதும் உழைத்து வந்தவனுக்கு, தான் செய்தது வேலையே அன்று என்று தன் வீட்டாரே சொல்லிவிட்டனர். தாத்தா பொய் சொல்லும் மனிதரல்லர். பேரனின் மேல் கொண்ட பாசமும், ஊரார் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமும் அவரை அவ்வாறு பேச வைத்தன. ஆயினும் பிரம்படி விழுந்துவிட்டது.

மகாபாரத வனபருவத்தில் கௌசிகர் என்னும் தவசியின் கதை வருகிறது. பார்வையாலேயே கொக்கை எரித்த செருக்கோடு பிட்சைக்குச் சென்றார். கணவனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஓர் இல்லத்தரசி அவரைக் காக்க வைத்து, பின்னர் அவர் செருக்கையும் சுட்டிக்காட்டினாள். தருமத்தைக் கற்க மிதிலைக்கு அனுப்பினாள். அங்கே அவருக்குத் தருமம் போதித்தவர் இறைச்சிக் கடையில் அமர்ந்திருந்த தருமவியாதர். சுவாமி விவேகானந்தர் தம் கருமயோகச் சொற்பொழிவுகளில் இக்கதையை விரிவாக எடுத்துரைத்தார். தவசி கற்க வேண்டிய பாடம் அடுக்களையிலும் கடைத்தெருவிலும் இருந்தது.

பங்கு என்னும் அறம்

உழைப்பு தெய்வீகமானது என்று சொல்லி, உழைப்பவருக்கு உரிய கூலியைக் குறைப்பது அறமாகாது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள் இதற்கு வழிகாட்டுகின்றன. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும் அவர்கள் வந்த ஊர்களும் அங்குப் பொறிக்கப்பட்டன. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் என்று வகுக்கப்பட்டது. திருப்பதியம் விண்ணப்பிப்போரும் அவர்களுக்குத் துணையாக வாத்தியம் இசைப்போருமாக ஐம்பதின்மருக்கு, நாளொன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல் என்று விதிக்கப்பட்டது. குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர் ஆகியோருக்கும் பங்குகள் நிர்ணயிக்கப்பட்டன. இறைபணிதானே, புண்ணியம் கிடைக்குமே என்று மன்னன் கூறிவிடவில்லை. யாருக்கு எவ்வளவு என்பதைப் பின்வருவோர் மாற்ற இயலாதபடி கல்லில் எழுதி வைத்தான்.

இக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அன்பர்கள் குழுக்களாகச் சென்று பழைய கோயில்களில் உழவாரப்பணி செய்வது தமிழகமெங்கும் பரவியுள்ளது. பாராட்டத்தக்க தொண்டு அது. உயர் பதவியில் இருப்போரும் அன்று துடைப்பம் ஏந்துகின்றனர். அவர்களுக்குப் பொன்னாடையும் பிரசாதமும் கிடைக்கின்றன. அதே பிராகாரத்தை ஏனைய ஆறு நாள்களும் கூட்டும் பெண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு துடைப்பங்களும் ஒரே புழுதியைத்தான் கூட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமைத் துடைப்பத்துக்கு மாலை சூட்டும் சமுதாயம், திங்கட்கிழமைத் துடைப்பத்துக்கு ஒரு வணக்கமாவது சொல்ல வேண்டாமா? அப்பரின் தொண்டு ஒருநாள் தொண்டன்று. அன்றாடத் தொண்டு. அவ்வகையில் அவருக்கு மிக நெருங்கியவள் அந்தப் பெண்தான்.

உழைப்பவரிடத்தும் ஒரு கடமை உண்டு. கூலி குறைவென்றால் நியாயமாகக் கேட்டுப் பெறலாம். ஏற்றுக்கொண்ட பின் வேலையைக் குறைக்கலாகாது. கணம்புல்லர் விளக்கின் நேரத்தைக் குறைக்கவில்லை. கொடுப்பவர் வாசியில்லாத காசு கொடுப்பதும், செய்பவர் வாசியில்லாத வேலை செய்வதும் ஒன்றுக்கொன்று ஈடு.

புகலூரில் ஒளிர்ந்த கற்கள்

அப்பர் பெருமான் தம் முதுமையில் தங்கிய தலம் திருப்புகலூர். எண்பத்தொரு வயது வாழ்ந்தார் என்பது சைவ மரபு. அந்த முதுமையிலும் அவர் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. ஒருநாள் புல் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் ஒளிருமாறு இறைவன் செய்தார். செதுக்கப்பட்ட பருக்கைக் கற்களோடு அவற்றையும் வாரி எடுத்து, அருகிலிருந்த குளத்தில் எறிந்துவிட்டு மீண்டும் புல் செதுக்கத் தொடங்கினார் அப்பர். கிடைத்த செல்வம் அவர் வேலையை நிறுத்தவில்லை. அத்தலத்திலேயே சித்திரைச் சதயத்தில் இறைவன் திருவடி சேர்ந்தார். ஆண்டுதோறும் அந்நாளில் சிவாலயங்களில் அவர் குருபூசை நடைபெறுகிறது.

வயது முதிர்ந்த அன்பர்களுக்கு உழவாரம் ஏந்த உடல் இடம் தராமற் போகலாம். ஆயினும் அவர்களால் செய்யக்கூடிய ஒரு தொண்டு உண்டு. வீட்டில் அவர்கள் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. என்ன வேலை இழிவு, என்ன வேலை உயர்வு என்பதைப் பிள்ளைகள் அவர்கள் வாயிலிருந்துதான் கற்கின்றனர். கோயிலில் கூட்டும் பெண்ணின் பெயரைக் கேட்டு, அம்மா என்று அழைத்து நலம் விசாரிக்கலாம். காலணி பாதுகாப்பவரிடம் பேரம் பேசாமல் இருக்கலாம். பேரனின் வேலையைப் பற்றி அடுத்த முறை உறவினர் கேட்கும்போது, வெயில் மழை பாராமல் உழைத்துச் சம்பாதிக்கிறான் என்று நிமிர்ந்து சொல்லலாம். அறைக்குள் இருப்பவனின் காதில் அது விழட்டும்.

பண்ருட்டிப் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் திருவதிகை வீரட்டானேசுவரர் திருக்கோயில் உள்ளது. பெரியநாயகி அம்பிகை உடனுறையும் பெருமானைத் தரிசித்து, அப்பர் பெருமானையும் திலகவதியாரையும் வணங்கி வருவோர், வெளியே வரும்போது பிராகாரத்தில் சற்றே நின்று, தாம் மிதிக்கும் தரையைப் பார்க்க வேண்டும். விடியும் முன் யாரோ ஒருவர் அதைக் கூட்டி வைத்திருக்கிறார். சுந்தரர் மிதிக்க அஞ்சிய மண் அது.